பழைய காரில் ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிக்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

தென்காசி, செங்கோட்டைப் பக்கமானாலும் சரி, மலை தாண்டி ஆரியங்காவு, புனலூர் பக்கமானாலும் சரி, பழைய காரில் ஏசி குளிரவில்லை என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் காதில் விழுவது ஒன்றுதான்: "கேஸ் கொறஞ்சிருக்கும், அடிச்சிரலாம்." அடித்ததும் குளிரும். இரண்டு மாதம் கழித்து மறுபடி வெறும் காற்று.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்பு. போன கோடையில் முழுசாக நிரப்பியது இந்தக் கோடைக்குள் காலியானால் அது கசிவு, தேய்மானம் இல்லை. இன்னொன்று, குளிராததற்குக் கேஸ் குறைவு ஒரு காரணம் மட்டுமே. ஃபேன், கிளட்ச், சென்சார், ஹீட்டர் வால்வு என்று வேறு நாலு இடத்தில் பழுதை வைத்துக்கொண்டு கேஸை ஏற்றினால், முதலில் ஒரு பழுது இருந்த இடத்தில் அதிக அழுத்தம் என்ற இரண்டாவது பழுதும் சேரும்.

அதனால் குளிர் எப்போது போகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஆரம்பத்திலிருந்தே இல்லையா? அரை மணி ஓடிய பிறகு போகிறதா? புளியரை செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது மட்டுமா? எஸ் வளைவு ஏறும்போது மட்டுமா? காற்றின் வேகமும் குறைகிறதா, குளிர் மட்டும் குறைகிறதா? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே சொல்வது மாருதி 800, ஜென், எஸ்டீம், பழைய சான்ட்ரோ, இண்டிகா வகைக் கார்களுக்கு: பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், மேக்னட் கிளட்ச், எக்ஸ்பான்ஷன் வால்வு (திரவக் கேஸை ஊசித் துளை வழியாக விட்டுக் குளிரவைப்பது), கையால் திருப்பும் நாப். வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்ச், ஒரு குடம் தண்ணீர் போதும். பிரஷர் கேஜ் மட்டும் கடையில்தான்.

முதலில் ஓர் அளவு எடுத்து வையுங்கள்

வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சின் சூடானதும் 1500 ஆர்பிஎம்மில் பிடித்து, ஏசியை முழுக்குளிரிலும் புளோயரை முழு வேகத்திலும் வைத்து, வெளிக்காற்று வராதபடி ரீசர்க்குலேஷனில் போடுங்கள். தெர்மாமீட்டரை நடு வென்ட்டுக்குள் செருகி பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். காற்று உலர்வாக இருக்கும் நாளில் 6 முதல் 9 டிகிரி வந்தால் வண்டி நன்றாக இருக்கிறது. சாரல் அடிக்கும் ஆனி, ஆடியிலோ தென்மலைக் காட்டுக்குள் மழை விட்ட நேரத்திலோ 11, 12 என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி இறக்கவே, டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலின் சக்தியில் பெரும்பகுதி போய்விடும். வண்டிக்கடியில் விறுவிறு என்று தண்ணீர் சொட்டினால் அந்த வேலை நடக்கிறது என்று அர்த்தம். குற்றாலம் சீசனில் "போன மாசம் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக் கேஸ் அடிக்கும் வண்டிகளில் பலவற்றுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை.

ஸ்விட்ச் போட்டால் "டக்" சத்தமே வரவில்லை

பானட்டைத் திறந்து வைத்து இன்னொருவரை ஏசி போடச் சொல்லுங்கள். கம்ப்ரசர் முன்பக்கம் புல்லி எப்போதும் சுற்றும். அதன் நடுவில் இருக்கும் தட்டு, ஏசி போட்டதும் "டக்" என்று ஒட்டிச் சேர்ந்து சுற்ற வேண்டும். தட்டு அசையவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்: பியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், கிளட்ச் காயில். புளோயர் ஓடாவிட்டால் பல வண்டிகளில் ஏசிக்குக் கரன்ட்டே போகாது, அதையும் மறக்க வேண்டாம்.

ரிலேயை அதே மாதிரியான ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சுலபமான சோதனை. கால் அமைப்பும் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும்.

அடுத்தது கிளட்ச் ஒயர் பிளக்கில் மல்டிமீட்டர். எஞ்சின் ஓடும்போது அங்கே 12 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். வருகிறது, ஆனால் தட்டு ஒட்டவில்லை என்றால் காயிலைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி ஓம் அளந்தால் பொதுவாக 3 முதல் 4.5 ஓம் காட்டும். மீட்டர் அசையாவிட்டால் காயில் உள்ளே அறுந்திருக்கிறது. 2 ஓமுக்குக் கீழே போனால் ஷார்ட், அதுதான் அடிக்கடி பியூஸ் போவதற்குக் காரணம். காயில் மட்டும் தனியாகக் கிடைக்கும், கம்ப்ரசரையே மாற்றச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

பிளக்கில் வோல்ட் வரவே இல்லை என்றால் பிரஷர் ஸ்விட்ச் பக்கம் வாருங்கள். டிரையர் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் உருளை) மீதோ மெலிந்த குழாய் மீதோ இருக்கும். கேஸ் அழுத்தம் சுமார் 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனாலும், 400 பிஎஸ்ஐ பக்கம் ஏறினாலும் இது கரன்ட்டை வெட்டிவிடும். கேஸ் இல்லாமல் கம்ப்ரசர் ஓடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது, கேஸ் இல்லை என்றால் ஆயிலும் திரும்பி வராது. ஸ்விட்ச் ஒயரை நேரடியாக முறுக்கி "ஓடுது சார்" என்று காட்டுபவர்கள் உண்டு. சோதனைக்கு இரண்டு மூன்று விநாடி என்றால் சரி. அப்படியே விட்டால் சில நாளில் கம்ப்ரசர் ஜாம்.

காலையில் குளிர்கிறது, அரை மணியில் கம்ப்ரசர் ஒட்டமாட்டேன் என்கிறது

பழைய வண்டிகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பழுது இது. கேஸ் சரி, ஃபேன் சரி. எஞ்சின் சூடேறியதும் கம்ப்ரசர் நின்றுவிடும். நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஓடும். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி தேய்ந்து தேய்ந்து அகன்றிருப்பதே காரணம். காயில் சூடானால் அதன் ஓம் ஏறும், காந்த இழுப்பு குறையும். இடைவெளி சரியாக இருந்தால் அந்தக் குறைந்த இழுப்பும் போதும். அகன்றுவிட்டால் தட்டை இழுக்க முடியாது.

உறுதி செய்ய: பழுது வந்த நிலையில், ஏசி ஸ்விட்ச் போட்டபடியே எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பல வண்டிகளில் எஞ்சின் ஓடாவிட்டால் கிளட்சுக்குக் கரன்ட் வராது. அப்படியானால் பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்த ஒயர் ஒன்றை நேராகக் கொடுங்கள். இப்போது மரக்கட்டை முனையால் தட்டைப் புல்லி பக்கம் லேசாகத் தள்ளுங்கள். "டக்" என்று ஒட்டிக்கொண்டு நின்றால் இடைவெளிதான் வில்லன். எஞ்சின் ஓடும்போது குச்சியைக் கொண்டுபோய்த் தட்ட வேண்டாம்; பெல்ட் கையோடு இழுத்துக்கொள்ளும்.

ஃபீலர் கேஜை மூன்று இடத்தில் செருகி அளங்கள். 0.35 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை பெரும்பாலான சின்னக் கம்ப்ரசர்களுக்குச் சரி. 0.8, 0.9 என்று இருந்தால் நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை வெளியே எடுங்கள். உள்ளே ஷாஃப்ட்டில் காகிதம் மாதிரி மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டி அளந்து பாருங்கள். 0.3க்குக் கீழே இறக்கிவிடக் கூடாது. ஏசி அணைத்த பிறகும் தட்டு உரசி, நீலம் பாய்ந்து, கருகிய வாடை வரும். இந்த வேலைக்குக் கேஸ் இறக்க வேண்டியதே இல்லை.

இடைவெளி சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் சூடான நிலையில் பிளக்கில் வோல்ட் பாருங்கள். 10.5 பக்கம் இறங்கியிருந்தால் ரிலே முனை கருகியிருக்கும், அல்லது எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும்.

ஓடினால் குளிர், நின்றால் வெறும் காற்று

சிக்னலில், டோலில், செக்போஸ்ட்டில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது குளிர் போய், வண்டி நகர்ந்ததும் திரும்பி வந்தால் பார்க்க வேண்டிய இடம் கண்டன்சர், அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி. ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் கதி.

அந்தக் குடம் தண்ணீரை இப்போது எடுங்கள். வண்டி நின்று வென்ட்டில் வெப்பம் ஏறியதும், முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள், ஃபேன் மோட்டரில் படாமல். ஒரு நிமிடத்துக்குள் வென்ட்டில் நான்கைந்து டிகிரி இறங்கினால் பழுது கண்டன்சர் பக்கம்தான்: காற்று போதவில்லை, அல்லது கேஸ் அதிகம்.

ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஏசி போட்டுச் சில விநாடியில் சுற்ற ஆரம்பிக்க வேண்டும், முழு வேகத்தில் சுற்ற வேண்டும், சரியான பக்கம் காற்றைத் தள்ள வேண்டும். கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஃபேன் கண்டன்சருக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் தாள் வண்டியை நோக்கி இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் மோட்டர் மாற்றியபோது ஒயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது புஷ் பிடித்திருக்கும். ஃபேனுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் ஓடுகிறது, வண்டியில் ஓடவில்லை என்றால் ரிலே, பியூஸ், எர்த்.

ஃபேன் நன்றாக இருந்தால் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். இடுக்கில் பூச்சி, இலைச்சருகு, செம்மண் எல்லாம் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். காடும் வயலுமாக மாறி மாறி ஓடும் நம் சாலைகளில் இது சீக்கிரமே சேரும். எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, குழாய்த் தண்ணீரின் சாதாரண வேகத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினியத் தகடு மடிந்து, இருந்த வழியும் அடைந்துவிடும்.

கொஞ்ச நேரம் குளிர்ந்து பிறகு போகிறது: காற்றும் குறைகிறதா?

இங்கே இரண்டு பழுதுகள் ஒன்று போலவே நடிக்கும். பிரித்துச் சொல்வது காற்றின் வேகம்தான்.

இருபது முப்பது நிமிடம் ஓடிய பிறகு புளோயர் சத்தம் அப்படியே இருக்க, வென்ட்டில் காற்று மட்டும் மெலிந்துகொண்டே போனால் கூலிங் காயில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்து, புளோயரை மட்டும் ஓடவிடுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் காற்று திரும்பி, அடியில் தண்ணீர் கொட்டினால் சந்தேகமே வேண்டாம். காயில் மேல் செருகியிருக்கும் தெர்மோஸ்டாட் அல்லது சென்சார், காயில் 1 முதல் 4 டிகிரிக்கு வரும்போது கம்ப்ரசரை வெட்ட வேண்டும். அது வெட்டவில்லை. சென்சாரே கெட்டிருக்கலாம், அதைவிட அதிகம் நடப்பது, காயில் கழுவ இறக்கியவர் திரும்பப் பூட்டும்போது சென்சார் முனையைத் தகடுகளுக்குள் செருகாமல் வெளியே தொங்கவிட்டது. கேஸ் கொஞ்சம் குறைந்தாலும் ஐஸ் கட்டும்: இந்த வண்டிகளில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் 28 பிஎஸ்ஐயில் கொதிப்பது ஏறக்குறைய 0 டிகிரியில், அதற்குக் கீழே போனால் காயில் உறைநிலைக்குக் கீழே போகும். அழுக்கடைந்த காயிலும் அப்படியே. பழைய வண்டிகள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது, பத்து வருடத் தூசி முழுக்கக் காயில் முகத்தில்தான் இருக்கும்.

காற்று முழு வேகத்தில் வருகிறது, ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடாகிறது, அணைத்துச் சிறிது நேரம் விட்டுப் போட்டால் மறுபடி குளிர்கிறது என்றால் குழாய்க்குள் ஈரம் இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் ஒரு துளி நீர் உறைந்தால் வழி அடைபடும். அந்த நேரம் கேஜ் மாட்டியிருந்தால் லோ பக்க (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கம்) முள் பூஜ்யத்துக்குக் கீழே வாக்கத்துக்குள், அதாவது வெற்றிடத்துக்குள், இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐஸ் உருகியதும் முள் தானாக ஏறும்.

இந்த ஈரம் உள்ளே போனது பெரும்பாலும் முந்தைய ரிப்பேரில்தான். டிரையரை மாற்றாமல் குழாயைத் திறந்து பூட்டியது, உள்ளிருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சும் வாக்கம் ஐந்து நிமிடம் மட்டும் போட்டது, மழை நாளில் குழாய் முனையை மூடாமல் மதியம் முழுக்க விட்டது. கம்ப்ரசருக்கான பிஏஜி ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக் கூடியது. பாதி காலியாகி மூடி திறந்து கிடக்கும் டின்னிலிருந்து ஊற்றினால் ஆயிலோடு தண்ணீரும் போகும். இதற்கு மருந்து புது டிரையர், முழு வாக்கம், அளந்த கேஸ். வால்வை மட்டும் மாற்றினால் புது வால்விலும் அதே துளி உறையும்.

கம்ப்ரசர் ஓடுகிறது, குளிர் மட்டும் இல்லை

கேஜுக்கு முன் கையை நம்புங்கள். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவரில் இரண்டு அலுமினியக் குழாய்கள் உள்ளே போகும். தடித்தது கைக்கு ஜில்லென்று, வியர்த்திருக்க வேண்டும். அது நன்றாகக் குளிர்ந்திருந்தும் வென்ட்டில் வெறும் காற்று வந்தால் ஏசியில் பழுதில்லை. ஹீட்டர் வால்வு முழுக்க மூடவில்லை, கொதிநீர் உள்ளே போய்க் குளிர்ந்த காற்றைச் சூடாக்குகிறது. கேபிள் கழன்றிருக்கும் அல்லது வால்வு பிடித்திருக்கும். ஹீட்டருக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய கிளாம்ப்பால் நசுக்கிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், குளிர் திரும்பினால் விஷயம் முடிந்தது. நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்பதால் போய் வரும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து விடலாம். இரண்டையும் தனித்தனியாக அடைத்துவிடாதீர்கள். சில எஞ்சின்களில் தண்ணீர் சுழல்வதற்கு அந்த வழி தேவை.

குழாயும் குளிரவில்லை என்றால் கேஜ். 1500 ஆர்பிஎம், வெளி வெப்பம் 35 டிகிரி என்றால் ஆர்-134ஏ வண்டியில் லோ பக்கம் 28 முதல் 40 பிஎஸ்ஐ, ஹை பக்கம் (கம்ப்ரசர் கேஸை அழுத்தித் தள்ளும் பக்கம்) 210 முதல் 240 பிஎஸ்ஐ வரை ஒழுங்கு. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். லோ பக்கம் மட்டும் பார்த்துக் கேஸ் ஏற்றுபவர் பாதி புத்தகத்தைத்தான் படிக்கிறார்.

இரண்டும் குறைவு: கேஸ் குறைவு, கசிவைத் தேடுங்கள். இரண்டும் அதிகம்: கண்டன்சரில் காற்றில்லை, கேஸ் அதிகம், அல்லது உள்ளே வெளிக்காற்று கலந்திருக்கிறது. லோ அதிகம், ஹை குறைவு: கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து அழுத்தவில்லை. லோ மிகக் குறைவு அல்லது வாக்கம், ஹை சாதாரணம் அல்லது சற்றுக் குறைவு: எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது டிரையர் அடைப்பு. மெலிந்த குழாயைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். சூடாக வந்த குழாய் எந்த இடத்தில் திடீரென்று குளிர்கிறதோ அங்கேதான் அடைப்பு. லோ அதிகம், கம்ப்ரசர் வரை தடித்த குழாயில் பனி: வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது.

வெளிக்காற்று கலந்ததா என்பதற்கு எளிய சோதனை உண்டு. ராத்திரி முழுக்க நின்று, எஞ்சின் முற்றிலும் ஆறிய வண்டியில் காலையில் கேஜ் மாட்டுங்கள். ஆர்-134ஏ மட்டும் இருந்தால் 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் சுமார் 97, 35 டிகிரியில் சுமார் 114 காட்டும். 30 டிகிரியில் 115 காட்டினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. முழுவதும் எடுத்துவிட்டு வாக்கம் போடாமல் வேறு வழியில்லை. ஆனால் 97 காட்டுகிறது என்பதால் கேஸ் நிறைவாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உள்ளே ஒரு கரண்டி திரவம் மிச்சமிருந்தாலும் அதே 97தான் காட்டும். கேஸின் அளவைச் சொல்வது தராசு, கேஜ் இல்லை.

மலை ஏறும்போது மட்டும்

எஸ் வளைவில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது குளிர் விட்டு, கால் எடுத்ததும் சில விநாடியில் திரும்புகிறதா? பல சின்னக் கார்களில் எஞ்சினுக்குச் சக்தி மிச்சமாக இருக்கட்டும் என்று கம்பெனியே அப்படி வைத்திருக்கிறது. 796 சிசி எஞ்சின் நாலு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கோட்டைவாசல் ஏறுகிறது. அதற்குக் குறை சொல்ல வேண்டாம். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறினால் ஏசியை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், முன்னே சொன்ன அந்த இடுக்கு, எல்லாம் ஒரே பழுதின் வேறு வேறு முகங்கள். முள் அசையாமல் கம்ப்ரசர் மட்டும் நின்றால் கிளட்ச் இடைவெளி, அல்லது ஹை அழுத்தத்தில் ஸ்விட்ச் வெட்டுகிறது. கீச்சென்ற சத்தத்தோடு குளிர் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது. இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் இறுக்குங்கள்.

கார்புரேட்டர் வண்டி ஏசி போட்டதும் ஐடிலில் குலுங்கி அணைந்தால் ஏசி போட்டதும் ஐடிலைத் தூக்கும் ஐடில்-அப் டயஃப்ரம், அதன் வாக்கம் குழாய் இரண்டையும் பாருங்கள். ஏசி போட்ட நிலையில் 900 முதல் 1000 ஆர்பிஎம் நிற்க வேண்டும்.

வருடா வருடம் கேஸ் காலியாகிறது

கசிவு இருக்கும் இடத்தில் ஆயில் கறை இருக்கும், அதில் தூசி ஒட்டிக் கருத்திருக்கும். கம்ப்ரசர் முன்மூக்கு (கிளட்சுக்குப் பின்னால்), ஹோஸில் ரப்பரும் அலுமினியமும் சேரும் கிரிம்ப், ஓ-ரிங் உள்ள ஒவ்வொரு இணைப்பு, கண்டன்சரின் கீழ் ஓரம், கேஸ் அடிக்கும் வால்வு முனை, இந்த வரிசையில் டார்ச்சோடு தேடுங்கள். வால்வு முனையில் ஒரு துளி சோப்பு நுரை வைத்தாலே பல வண்டிகளின் கதை தெரிந்துவிடும். அந்த உள்ஊசி சைக்கிள் வால்வு விலைக்குக் கிடைப்பது, அதற்காக முழு கேஸையும் இழந்துகொண்டிருப்பார்கள். மூடியைத் தொலைக்காதீர்கள், அதுவும் ஒரு சீல்தான்.

கொல்லம் கடலோரம் அடிக்கடி போய் வரும் வண்டிகளில் உப்புக்காற்று கண்டன்சர் அலுமினியத்தைப் பொடிப்பொடியாக அரிக்கும். வெள்ளைப் பூ பூத்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள்.

வெளியே எங்கும் கறை இல்லை என்றால் சந்தேகம் கூலிங் காயில் மேல். டேஷ்போர்டை உடனே பிரிக்க வேண்டியதில்லை. யுவி சாயம் போட்டு ஒரு வாரம் ஓட்டிய பிறகு, இருட்டில் யுவி டார்ச்சை ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய் முனையில் அடியுங்கள். பச்சையாக ஒளிர்ந்தால் காயில் ஓட்டை. கேஸ் டிடெக்டரை அதே முனையில் வைத்தும் கண்டுபிடிக்கலாம், ஏசியை அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து.

காலியான வண்டியில் அழுத்தம் கொடுத்துப் பார்க்க நைட்ரஜன்தான், 150 பிஎஸ்ஐ போதும், ரெகுலேட்டர் வைத்து. வெல்டிங் கடை ஆக்சிஜனை ஆயில் உள்ள குழாயில் விட்டால் வெடிக்கும். பஞ்சர் கடைக் காற்றும் வேண்டாம், ஈரத்தைத் தானே நாம் துரத்துகிறோம்.

கசிவை அடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலையில்தான் நல்ல கடையும் மற்றதும் பிரியும். திறந்த ஒவ்வொரு இணைப்புக்கும் புது பச்சை ஓ-ரிங், அதில் அதே ஆயிலைத் தடவி. புது டிரையர், பூட்டுவதற்கு முந்தின நிமிடம் வரை மூடியோடு. கண்டன்சர் மாற்றினால் 20 முதல் 30 மில்லி, டிரையர் மாற்றினால் 10 முதல் 20 மில்லி ஆயில் சேர்க்க வேண்டும். கம்ப்ரசர் மேல் பிஏஜி 46 என்றிருந்தால் 46, 100 என்றிருந்தால் 100. பிறகு வாக்கம், கேஜில் 29 அங்குலத்தில் (பாதரச அளவு) குறைந்தது 30 முதல் 45 நிமிடம். அந்த வெற்றிடத்தில்தான் தண்ணீர் நம் ஊர் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். 25 அங்குலத்தில் ஒரு மணி நேரம் போட்டாலும் துளி அசையாது. (குமுளி மாதிரி 3000 அடி உயரத்தில் கேஜே 27 அங்குலத்தைத் தாண்டாது. அங்கே பம்ப்பைக் குறை சொல்லாதீர்கள்.) பம்ப்பை மூடி இருபது நிமிடம் முள்ளைப் பாருங்கள், அசையாமல் நிற்க வேண்டும்.

கேஸை எடை போட்டே ஏற்ற வேண்டும். பானட் உள்பக்க லேபிளில் அளவு இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 400 முதல் 600 கிராமுக்குள். இவ்வளவு சின்ன அளவில் 100 கிராம் கூடினாலே வெயிலில் நிற்கும்போது ஹை பக்கம் எகிறும். எஞ்சின் ஓடும்போது ஹை பக்க வால்வைத் திறந்து டின்னை மாட்டவே கூடாது. அழுத்தம் டின்னுக்குள் திரும்பிப் போய் டின் வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் நிற்க வேண்டாம், சிகரெட் கூடவே கூடாது. வீட்டு ஏசிக்கான ஆர்-22 காருக்கு ஆகாது, அதன் அழுத்தம் மிக அதிகம். விலை குறைவு என்று எரியும் வகை கேஸைப் போட்டுக்கொடுத்தாலும் வாங்காதீர்கள். கூலிங் காயிலில் ஓட்டை விழுந்தால் அது வந்து சேர்வது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்.

சத்தம், வாடை, தண்ணீர்

ஏசி அணைத்தாலும் ஓடும் கரகர சத்தம் புல்லி பேரிங். ஏசி போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரசர் உள்ளே. கழற்றிய குழாயில் வெள்ளித்தூள் கலந்த கருப்பு ஆயில் இருந்தால் கம்ப்ரசரை மட்டும் மாற்றிப் பயனில்லை. கண்டன்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் போக வேண்டும். மெல்லிய துளைகள் கொண்ட கண்டன்சரைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, மிச்சமிருக்கும் தூள் புதுக் கம்ப்ரசரையும் தின்னும்.

முன் சீட் கால்மிதியில் தண்ணீர் என்றால் வடிகுழாய் அடைப்பு. கீழிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் குத்திவிடுங்கள், கம்பியால் குத்தினால் காயில் ஓட்டை. நீர் பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட், ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஈரத்துணி வாடைக்கு, வீடு சேர ஐந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து புளோயரை மட்டும் ஓடவிடுங்கள். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும்.

இன்னும் ஆர்-12 ஓடும் வண்டி

1990களின் அம்பாசிடர், பத்மினி, ஆரம்பகால எஸ்டீம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஆர்-134ஏ வருவதற்கு முன் இருந்த ஆர்-12 கேஸ் ஓசோனைக் கெடுப்பதால் இந்தியாவில் 2010க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் மினரல் ஆயில் ஆர்-134ஏ கேஸோடு கலக்காது. பழைய ஆயிலின் மேலேயே 134ஐ அடித்தால் ஆயில் ஒரு மூலையில் தேங்கிக் கம்ப்ரசர் வறண்டு ஓடும். மாற்றுவதென்றால் பழைய ஆயிலை முடிந்தவரை வடித்து எஸ்டர் ஆயில், 134க்கு ஏற்ற எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 வகை டிரையர், எல்லா ஓ-ரிங்கும் புதிது, வால்வு முனைக்கு 134 அடாப்டர். கேஸ் அளவு பழைய ஆர்-12 எடையில் 80 முதல் 90 சதவீதம். பழைய கண்டன்சரில் ஹை அழுத்தம் முன்பைவிட ஏறும், ஃபேனை நல்லதாகப் போடுங்கள். வேலை முடிந்ததும் என்ன கேஸ், எத்தனை கிராம், என்ன ஆயில், எந்தத் தேதி என்று பானட் உள்பக்கம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவர் கொட்டாரக்கரையிலோ கடையநல்லூரிலோ இருக்கலாம். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஊகிக்க வேண்டியிராது.